ஊர்ச் சாலைத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய ஊர்ப் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் சாலைப் பணிக் குழுவின் வணக்கம்.

நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலையிலிருந்து பிரிந்து, கண்மாய்க் கரையை ஒட்டி ஊருக்குள் நுழைந்து, காலனித் தெருவின் கடைசி வீடு வரை செல்லும் நம் ஊராட்சிச் சாலையின் பணி நிறைவடைந்துவிட்டது. கோயில் திருப்பணிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரித்துப் பழகிய ஊரில் சாலைக்கென்று வரி பிரித்தது இதுவே முதல் முறை. ஆகவே, பணம் போன வழியை மட்டுமன்றி, எந்த வேலை எதற்காகச் செய்யப்பட்டது, எது ஏன் விடப்பட்டது என்பதையும் எழுத்தில் வைக்கக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

‘சாலை போடுவது அரசாங்கத்தின் வேலை, அதற்கு நாம் ஏன் பணம் தர வேண்டும்’ என்ற கேள்வி வரி பிரித்த நாள் முதல் இருந்து வருகிறது. அது நியாயமான கேள்விதான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-ஆம் பிரிவு, நெடுஞ்சாலைகளாகவும் ஊராட்சி ஒன்றியச் சாலைகளாகவும் வகைப்படுத்தப்பட்டவை நீங்கலாக, ஊருக்குள் இருக்கும் சாலைகளையும் அவற்றின் மேலுள்ள பாலங்களையும் சிறுபாலங்களையும் அமைப்பதையும் பராமரிப்பதையும் கிராம ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது. கடமை அங்கே இருக்கிறதே தவிர, அதற்கு ஈடான வருவாய் அங்கே இல்லை. வீட்டு வரி தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்குமே சரியாகப் போகிறது. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்திலும் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டுவிட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் சாலை, வடிகால், கட்டடம் எல்லாம் இடம் தேட வேண்டியிருந்தது.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தை நாடலாம் என்று சிலர் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழ்ந்தும் இணைப்புச் சாலை இல்லாத ஊர்களுக்கு ஒரு சாலையாவது தர வேண்டும் என்ற நோக்கில் வந்தது. எப்போதோ ஒருமுறை தார் கண்ட ஊர் அந்தக் கணக்கில் இணைக்கப்பட்ட ஊர். அந்தத் தாரில் இன்று வண்டி ஓடுகிறதா என்பது வேறு கணக்கு. 2023 சனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட, 10,000 கிலோமீட்டர் சாலைகளை மேம்படுத்தும் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்துக்கும் ஊராட்சி எழுதிப் பார்த்தது. நம் சாலையைவிடப் போக்குவரத்து மிகுந்த சாலைகள் முன்வரிசையில் இருந்தன. ஆகவே, மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியைச் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும் ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கிராம சபை தேர்ந்தெடுத்துத் தீர்மானம் போட்டது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை ஆகிய படிகள் வழக்கமான வரிசையில் நடந்தன. காலம் பிடித்தது என்பதைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மதிப்பீடு தயாராகும் முன்பே, பழைய சாலையை நான்கு இடங்களில் குறுக்காக வெட்டிப் பார்க்கும்படி ஒன்றியப் பொறியாளரிடம் குழு கேட்டுக்கொண்டது. இந்தப் பணியில் நாம் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று குழு கருதுகிறது. வெட்டிய குழிகளில், ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய தார்ப் பொருக்குகள் இருந்தன. அவற்றின் கீழே சேறு குழைந்த சிறிதளவு கப்பி. அதன் கீழே நேராகக் கரிசல். அடியிலிருப்பது என்னவென்று பாராமல் ஒவ்வொரு முறையும் மேலே மட்டும் பூசியிருக்கிறார்கள். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் என்பது பருத்தி போட்டவர்களுக்குத் தெரியாததல்ல. அந்த மண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்து அதன் தாங்கு திறனைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. நல்ல நொறுக்குக் கல்லின் தாங்கு திறனை நூறு என்று வைத்தால், கரிசலில் அந்த அளவு பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதத்துக்குள்தான் நிற்கும். அந்த மண்ணின்மேல் எத்தனை அடுக்கு தார் பூசினாலும் இரண்டு மழைக்காலத்துக்குமேல் தாங்காது.

எனவே பொருக்குகளை முழுவதுமாகப் பெயர்த்தெடுத்து, கரிசலின்மேல் கிராவல் அடுக்கு இடப்பட்டது. இதிலும் ஒரு விவரம் உண்டு. சாலையின் நடுப்பகுதியை மட்டும் தொட்டிபோல வெட்டிக் கிராவல் நிரப்புவது செலவு குறைந்த வழி. ஆனால் உள்ளே இறங்கும் நீர் வெளியேற வழியின்றி அந்தத் தொட்டிக்குள்ளேயே தங்கி, கரிசலை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். அதனால் தாருக்கு இருபுறமும் உள்ள மண் ஓரமான, நாங்கள் பெர்ம் என்று சொல்லும் சாலைத்தோளையும் சேர்த்து, ஓரம் முதல் ஓரம் வரை கிராவலை விரிக்க வேண்டும் என்று குழு வற்புறுத்தியது. மதிப்பீடு உயர்ந்தது. உயர்ந்த தொகையை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் ஊருக்குள் மனத்தாங்கல் வந்தது.

முதல் வரைவில் கோயில் முன்பகுதிக்குப் பேவர் பிளாக் பதிப்பதும் இருந்தது. அதை விட்டுவிட்டு, அந்தத் தொகையைக் கிராவலுக்கும் சிறுபாலங்களுக்கும் மாற்றக் குழு பரிந்துரைத்தது. காலனித் தெருவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் இரண்டையும் செய்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. அதைக் குழு ஏற்கவில்லை. அந்தத் தெருவினரும் தலைக்கட்டு வரி கட்டியவர்கள், அதோடு சாலையின் தாழ்ந்த முனை அங்கேதான் இருக்கிறது, மேலே விழும் மழைநீரெல்லாம் அவர்கள் வாசலில்தான் போய் நின்றது. பேவர் பிளாக் இல்லாததில் வருத்தப்பட்ட பெரியவர்களின் உணர்வைக் குழு மதிக்கிறது. முடிவைப் பற்றி வருந்தவில்லை.

சாலையைக் குறுக்கே கடக்கும் நீர்வழிகள் மூன்று. முதலாவதில் இருந்த சிறுகுழாய் உடைமரத்தின் வேரும் மண்ணும் அடைத்துக் கிடந்தது. அந்த இடத்தில், ஓர் ஆள் குனிந்து நுழைந்து தூர்வாரும்படி 1000 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் பதிக்கப்பட்டது. குழாயின் மேல் குறைந்தது 60 சென்டிமீட்டர் மண் மூடியிருந்தால்தான் பாரவண்டி ஏறும்போது அது உடையாமல் இருக்கும். இரண்டாவது இடத்தில் அவ்வளவு உயரம் கிடைக்கவில்லை என்பதால், அங்கே குழாய்க்குப் பதிலாகக் கான்கிரீட் பலகை போட்ட சிறுபாலம் கட்டப்பட்டது. ஓடை குறுக்கிடும் மூன்றாவது இடத்தில் தரைப்பாலமே பொருத்தம் என்று பொறியாளர் முடிவு செய்தார். வெள்ளம் ஓடும் சில மணி நேரம் அங்கே போக்குவரத்து நிற்கும். உயர்பாலத்துக்கான செலவை நினைத்தால் அது பொறுத்துக்கொள்ளக் கூடியது.

கப்பி அடுக்கு போடும்போது குழுவினர் முறை வைத்து அங்கேயே நின்றார்கள். உருட்டி முடித்தபின் ஓர் அடுக்கு 75 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். கப்பியை முதலில் வெறுமனே ரோலர் விட்டு உருட்டி, கல்லோடு கல் பூட்டிக்கொண்டு காலால் தள்ளினால் அசையாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகே சன்னக் கல்லைத் தூவி, நீர் தெளித்து, இணைப்பு மண் இட வேண்டும். மண்ணை முன்னதாகக் கொட்டிவிட்டால் ரோலர் ஓடும் நேரம் மிச்சமாகும். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் மண் புகுந்து பூட்டு விழாது. ஒரு நாள் காலையில் அப்படிக் கொட்டத் தொடங்கியதைப் பார்த்து வேலையை நிறுத்தச் சொன்னோம். பணி மேற்பார்வையாளர் வந்து, கொட்டியதை வாரவைத்தார்.

நாளொன்றுக்கு 100 மோட்டார் வாகனங்களுக்கும் குறைவாகச் செல்லும் கிராமச் சாலைக்கு 3 மீட்டர் தார் அகலம் போதும் என்பது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறி. நம் சாலை அந்த அகலத்தில்தான் இருக்கிறது. நடுவிலிருந்து ஓரத்துக்கு 3 சதவீத வாட்டம் என்றால், ஒன்றரை மீட்டருக்கு நாலரை சென்டிமீட்டர் இறக்கம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலையும் நூலையும் வைத்து, அளந்தவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். அலுவலகத்தின் அளவுப் புத்தகத்தோடு அந்த நோட்டை ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு இல்லை. ஓரிடத்தில் வாட்டம் குறைந்திருந்தது, அது சரிசெய்யப்பட்டது.

தாரில் ஞெகிழி (பிளாஸ்டிக்) கழிவு கலக்கப்பட்டிருக்கிறது. ‘குப்பையைக் கொண்டு சாலை போடுகிறார்கள்’ என்று பேசிக்கொண்டவர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டறிந்து, 2006-இல் காப்புரிமை பெற்ற முறை இது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. சூடான சல்லியின்மேல் துருவிய ஞெகிழியைத் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்வைபோல மூடிக்கொள்ளும். அதன்மேல் தார் இறுகப் பிடிக்கும், கல்லுக்குள் நீர் புகுவதும் குறையும். தாரின் அளவும் கொஞ்சம் மிச்சப்படும். தூய்மைக் காவலர்கள் நம் தெருக்களில் பொறுக்கிச் சேர்த்த பைகளும் உறைகளும் இப்படித்தான் பயன்படுகின்றன.

தார் விரித்த மூன்றாம் நாள் மாலை தூறல் விழுந்தது. வேலையை நிறுத்தியிருக்க வேண்டும், ஒப்பந்ததாரர் நிறுத்தவில்லை. காலனித் தெரு வளைவுக்கு முன்பாகச் சிறிது தூரம் இரண்டே வாரத்தில் சல்லி பெயர்ந்தது. இறுதிப் பட்டியல் தொகை கொடுக்கப்படும் முன்பே அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, அவர் செலவிலேயே மீண்டும் போட்டுத் தந்தார். அது முடிந்த கையோடு, வேறொரு பணிக்கான குழாய் பதிப்பவர்கள் முன்னறிவிப்பின்றி வந்து புதிய சாலையைக் குறுக்கே வெட்டினார்கள். குழியை மண்ணால் மூடிவிட்டுப் போனார்கள். அந்த இடம் இன்று ஒரு கையளவு தாழ்ந்திருக்கிறது. அதைச் சீர்செய்யும்படி ஊராட்சி எழுத்துமூலம் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை.

கண்மாய்க் கரை அருகே சாலை சற்று நெளிந்து போவதன் காரணம் பலருக்குத் தெரிந்திருக்காது. அங்கே சில பனைகள் நிற்கின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அனுமதி கேட்கலாம் என்றவர்களும் இருந்தார்கள். பனையைச் சுற்றிப் போவதே சுலபம் என்று முடிவானது.

இனிப் பராமரிப்பு. பிரதமரின் திட்டச் சாலைகளுக்கு ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே அடங்கும். நமக்கு அந்த வசதி இல்லை. சாலைத்தோளில் புல் மேடிட்டு வளர்ந்தால் மழைநீர் தாரின் ஓரத்திலேயே தேங்கும், அங்கிருந்துதான் சாலை அரிபடத் தொடங்கும். தோளைச் செதுக்குவது, பக்க வாய்க்காலைத் தூர்வாருவது, உடைமரத்தை வேரோடு பிடுங்குவது ஆகியவற்றை ஊரக வேலைக்கு வருவோரைக் கொண்டு ஐப்பசிக்கு முன் ஆண்டுதோறும் முடிக்க, கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப்படும். சிறு குழிகளை அவை சிறியதாக இருக்கும்போதே அடைக்க, வரியில் மிச்சமான தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. மணல், சல்லி ஏற்றிய டிப்பர்கள் இந்தச் சாலையில் வருவதைத் தடுக்க முகப்பில் உயரத் தடுப்பு வைக்கலாமா என்பது குறித்துக் குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை, ஏனெனில் அறுவடை வண்டியும் அதே வழியில்தான் வர வேண்டும்; இதை உறுப்பினர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரவு, செலவு, நன்கொடை விவரம் ரசீது எண் வாரியாக ஊர் மடத்துச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. குழுவின் அளவு நோட்டும், குழிகளை வெட்டியபோது எடுத்த படங்களும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கின்றன; யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சாலைப் பணிக் குழுவினர்