கூண்டைப் பார்க்காமல் குட்டியைக் கொடுக்காதீர்கள்

கொழும்பில் பர்மியப் பைத்தன் என்ற மலைப்பாம்புகளைக் குஞ்சு பொரிக்கவைத்து விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் தண்ணீர் மோட்டர் அறையில் போன வாரம் பிடிபட்ட பாம்பைப் பற்றி உங்களுக்குள் பேசியிருப்பீர்கள். உங்களில் ஒருவர் விற்றதுதான். பெயர் வேண்டாம்.

அதைச் சாக்கில் போட்டவர்களில் நானும் ஒருவன். பத்தடிக்கு மேல் நீளம். மூக்கு நுனியில் செதிலே இல்லை. கம்பிவலையில் இரவிரவாக உரசி உரசி ரணமாகி, வாய்கூடச் சரியாக மூடவில்லை. ஈரத்திலேயே கிடந்ததில் வயிற்றுச் செதில்கள் பழுப்பேறி, தொட்டால் கழன்றன. அதன் வீடு மூன்றடிப் பெட்டி. வளர்த்த தம்பி கொடுமைக்காரன் இல்லை. "இவ்வளவு வளரும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணா" என்று அழுதான். விற்றவருக்குமா தெரியாது? பொரிக்கும்போது இரண்டடி இருக்கும் குட்டி, பெண்ணென்றால் பதினைந்தடியைத் தாண்டலாம். இருபது வருடமும் உயிரோடிருக்கும்.

நான் கேட்பது இதுதான்: வாங்குபவரின் கூண்டை நேரில் பார்க்காமல் குட்டியைக் கொடுக்காதீர்கள். அவரால் முடியாமல் போனால் நீங்களே திரும்ப எடுங்கள்.

ஒரு தாய் ஒரே தடவையில் முப்பது முட்டை இடும். பதினைந்தடிப் பாம்புக்கு அறை ஒதுக்கக்கூடிய முப்பது வீடுகள் கொழும்பில் எங்கே என்று சொன்னால் நானும் அங்கே குடிபோகிறேன். மஞ்சள் பைத்தனை மாலையாகப் போட்டுப் படம் எடுப்பதற்கு மட்டும் ஆள் குறைவில்லை. பூனை வளர்க்கவே விடாத தொடர்மாடி நிர்வாகங்களுக்கு இது கண்ணில் படாததும் அதிசயந்தான்.

வளர்த்து அலுத்துப்போனவர் ஒருநாள் இரவு ஓட்டோவில் கொண்டுபோய் அத்திடிய சதுப்பில் பாம்பை விட்டுவிட்டால்? அமெரிக்காவில் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிக் கிடப்பது இதே இனம். அமெரிக்கா 2012இல் இறக்குமதியைத் தடைசெய்தும் இன்றுவரை பிடித்து முடியவில்லை. இங்கே இன்னொரு வில்லங்கமும் உண்டு: நம் நாட்டு மலைப்பாம்பான வெங்கிணாந்தி இதற்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் இணைசேரும். கலப்பினம் காட்டில் பரவினால் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கூண்டைப் பார்த்துக் கொடுங்கள், கேட்டால் திரும்ப எடுங்கள் என்றுதான் தாழ்மையாகக் கேட்கிறேன்.

அந்தப் பாம்பு இப்போது மிருக வைத்தியரிடம் இருக்கிறது. செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். விற்றவரிடம் பெரிய கூண்டு இருக்கிறதாம். தயவுசெய்து எங்கள் அழைப்பை எடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பாம்பு வளர்ப்பாளன்