புகார்: நாலு திசை ஜாய்ஸ்டிக் கேட்டேன், எட்டு திசை வந்திருக்கிறது

வணக்கம்.

ஆர்டர் எடுத்தவர் போனில் தமிழில்தான் பேசினார், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். இதற்கு முன் போட்ட இரண்டு மெயிலுக்கும் ஒரே பதில்: "எல்லா கேமுக்கும் செட் ஆகும்." ஆகவில்லை சார்.

என்னிடம் இருப்பது பேக்-மேன் பெட்டி, காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் மெஷின். ஜப்பானில் நாம்கோ உருவாக்கிய கேமை உரிமம் வாங்கி 1980-இல் அமெரிக்காவில் மிட்வே இறக்கியதே, அதுதான். எட்டு மாதமாக கராஜில் வைத்து சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன். தண்ணீரில் ஊறி உப்பிப்போன அடிப்பலகையை வெட்டிவிட்டுப் புதுசு வைத்தேன், போர்டில் கருகிப்போன கனெக்டரை மாற்றினேன். உங்களிடம் வாங்கியது மூன்றே மூன்று: விளிம்புக்கு ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை, மானிட்டருக்குக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன பாகம்) செட், ஜாய்ஸ்டிக். பட்டை அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஜாய்ஸ்டிக்குக்கு வருகிறேன். பேக்-மேனில் துரத்தும் பேய்களிடம் சிக்காமல் சந்துகளில் ஓட வேண்டும், அதற்கு மேல், கீழ், இடம், வலம் அவ்வளவுதான். நீங்கள் அனுப்பியது மூலைவாட்டிலும் சாய்கிறது. அப்படிச் சாய்ந்தால் இரண்டு சுவிட்ச் ஒரே நேரத்தில் அழுந்தும், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஆள் திருப்பத்தைத் தவறவிட்டு நேராகப் பேயின் வாயில் போய் விழுவான். இந்த கேமில் திருப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கையைத் திருப்பினால்தான் வளைவில் பேயைவிட வேகமாகப் போக முடியும், அதுதான் ஆட்டமே, அதுவே போய்விட்டது. என் மகள் பத்து நிமிஷம் ஆடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது" என்று எழுந்துபோனாள். சில மாடலில் அடியில் ஒரு தகட்டைத் திருப்பிப் போட்டால் நாலு திசை ஆகிவிடும். திறந்து பார்த்தேன், இதில் அந்தத் தகடே இல்லை. "மூலையில் தள்ளாமல் ஆடுங்க" என்று உங்கள் ஆள் சொன்னதை நான் ஜோக்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஜோக் இல்லை. என்னுடையது எலக்ட்ரோஹோம் ஜி07 என்ற பழைய பிக்சர் ட்யூப் மானிட்டர், அதன் மெயின் சப்ளை 120 வோல்ட் டிசி. அந்த லைனுக்கு 160 வோல்ட் வரை தாங்கும் கெப்பாசிட்டர் வர வேண்டும், உங்கள் செட்டில் 100 வோல்ட் என்று அச்சடித்தது இருந்தது. சால்டர் வைக்கும் முன் எழுத்தைப் படிக்கிற பழக்கம் இருந்ததால் தப்பித்தேன். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர் உங்கள் பாக்கெட்டை நம்பி அப்படியே போட்டிருந்தால் முகத்துக்கு நேரே வெடித்திருக்கலாம். இதைச் சொன்னதற்கு "பேசாமல் எல்சிடி போட்டுடுங்க" என்று பதில் வேறு. எல்சிடிதான் வேண்டுமென்றால் நான் ஏன் சார் உங்களிடம் கெப்பாசிட்டர் வாங்குகிறேன்?

கேட்பது இதுதான். இரண்டுக்கும் முழுப் பணம், திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. அப்புறம், விற்பனைப் பக்கத்தில் அந்த ஜாய்ஸ்டிக்குக்கு மேலே பேக்-மேன் படம் போட்டிருக்கிறீர்களே, அதை எடுங்கள். அதே கெப்பாசிட்டர் செட் வேறு யாருக்குப் போயிருந்தாலும் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், பணத்தைக்கூட அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போட்டோக்கள் இணைத்திருக்கிறேன். இரண்டையும் நீங்கள் அனுப்பிய அதே டப்பாவில் போட்டு வைத்தாயிற்று, கூரியர் லேபிள் வந்தால் மறுநாளே கிளம்பிவிடும். அதுவரைக்கும் பழைய சிவப்பு உருண்டை ஜாய்ஸ்டிக்தான், அது இடது பக்கம் பாதி நேரம் வேலை செய்யாது.