பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பருவம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாயத்தை நம்பி வாழும் ஊர்களில் பிள்ளைகளுக்கென நடத்தப்படும் வேளாண் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் காலையில் தொடங்கி அன்று மாலையே முடிந்துவிடுகின்றன. கன்று நடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், சான்றிதழோடு வீடு திரும்புகிறார்கள். நட்ட கன்று வேர்பிடித்ததா என்று போய்ப் பார்க்கும் பொறுப்பு அவர்களில் எவருக்கும் தரப்படுவதில்லை. நடத்துவோரின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு துண்டு நிலம் பிள்ளையின் பொறுப்பில் இருந்தால்தான் அது பயிற்சி ஆகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1902இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய சிறுவர் வேளாண் குழு, இன்றைய ஃபோர்-எச் இளைஞர் இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1910இல் தென் கரோலைனாவில் மேரி குரோமர் என்ற ஆசிரியை சிறுமியருக்கான தக்காளிக் குழுவை அமைத்தபோது, ஒவ்வொருவரும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 சென்ட் நிலத்தில் பயிர் செய்தனர். ஆராய்ச்சி நிலையங்கள் சொன்ன புதிய முறைகளை ஏற்கத் தயங்கிய பெரியவர்கள், தங்கள் பிள்ளைகளின் நிலத்தில் விளைந்ததைக் கண்ட பிறகு அவற்றைக் கைக்கொண்டார்கள் என்பது அவ்வியக்கத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பத்து சென்டுகூட வேண்டாம், நான்கு பாத்திகளே போதும். விதைப்பதற்கு முன் நூறு விதைகளை ஈரத்துணியில் சுற்றிவைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணிப் பார்க்கும் பிள்ளை, முளைப்புத்திறன் என்ற சொல்லை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பயறுச்செடி பூக்கும் சமயத்தில் ஒன்றை வேரோடு மெல்லத் தோண்டி எடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கட்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்கள் பயிருக்குச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஆசையால் நீரை அளவுக்கு மீறி ஊற்றினால் நாற்றழுகல் வந்து, நாற்றுகள் தண்டின் அடியில் நைந்து சாயும். அந்த இழப்பையும் அவர்கள் பார்க்க வேண்டும். மறுபடி விதைக்கப் பருவத்தில் நாள் மிச்சம் இருக்கவும் வேண்டும். ஒரு நாள் முகாமால் தர முடியாதது இதுதான்.

ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்து, விதைத்த நாள், பெய்த மழை, கண்ட பூச்சி, ஆன செலவு, வந்த வரவு ஆகியவற்றை எழுதிவர வேண்டும். விளைச்சலை விற்றுக் கிடைக்கும் பணம், எவ்வளவு சிறியதானாலும், உழைத்த பிள்ளையின் கைக்கே போக வேண்டும்; பெண் பிள்ளைகளுக்கும் அதே அளவு நிலம் ஒதுக்கப்பட வேண்டும். பூச்சிக்கொல்லி தெளிக்கும் வேலையில் எந்தப் பிள்ளையையும் ஈடுபடுத்தக் கூடாது.

பள்ளித் தேர்வுக் காலமும் அறுவடைக் காலமும் மோதிக்கொள்ளும் என்பது உண்மையான இடர்ப்பாடு. குறுகிய காலத்தில் விளையும் கீரையையும் பயறையும் தேர்ந்தெடுத்தால் அதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் வேளாண் அலுவலர்களும் பள்ளி நிர்வாகங்களும் அடுத்த விதைப்புக்கு முன்பே நிலத்தை ஒதுக்கி, அனுபவமுள்ள மூத்த விவசாயி ஒருவரை வாரம் ஒருமுறையேனும் அங்கே வரச் செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாய வாசகர்