"டிகிரி முடிச்சாச்சா? நாலே வருஷத்துல டாக்டர்!"னு நோட்டீஸ் குடுக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்னு ஞாயித்துக்கிழமை ஆனா ஏதாவது ஒரு மண்டபத்துல செமினார் போடற கன்சல்டன்சி சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

இதுவரைக்கும் ப்ளஸ் டூ பசங்களதான் சுத்தி சுத்தி வந்தீங்க, இப்ப பி.எஸ்சி. முடிச்சவங்க பக்கம் திரும்பிட்டீங்க போல. என் தங்கச்சி பயோகெமிஸ்ட்ரி முடிச்சவ, அவ வாங்கிட்டு வந்த நோட்டீஸ்ல அமெரிக்கா, இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ்னு அஞ்சு கொடி வரிசையா போட்டிருக்கு. அஞ்சும் ஒண்ணுதானா சார்?

இங்கிலாந்துல வார்விக் யுனிவர்சிட்டில பட்டதாரிங்களுக்குன்னே நாலு வருஷ டாக்டர் கோர்ஸ், எந்த டிகிரியா இருந்தாலும் பரவால்ல, ஆனா யூகேட்ங்கற நுழைவுத் தேர்வு எழுதணும். அயர்லாந்து, ஆஸ்திரேலியான்னா காம்சாட், இல்லன்னா எம்கேட்னு வேற நுழைவுத் தேர்வு. இந்த காம்சாட்ல மூணு பகுதி, அதுல ஒண்ணுதான் சயின்ஸ், மிச்சம் ரெண்டும் இங்கிலீஷ்ல படிச்சு யோசிக்கிறதும் கட்டுரை எழுதறதும். பென்னாகரத்துல தமிழ் மீடியம் படிச்ச புள்ளைக்கு இத முன்னாடியே சொல்ல வேணாமா? அமெரிக்காவுல நிறைய காலேஜ் வெளிநாட்டுக்காரங்களையே எடுக்கறதில்ல, எடுக்கறதுலயும் பாதி இடத்துல அங்கயே கொஞ்ச நாள் காலேஜ் படிச்சிருக்கணும்பாங்க, நம்ம மூணு வருஷ டிகிரிய தூக்கிட்டுப் போனா வாசல்லயே நிப்பாட்டிருவாங்க.

சரி, இதெல்லாம் தாண்டி படிச்சும் முடிச்சாச்சுன்னே வெச்சுக்குவோம். ஊருக்குத் திரும்பி வந்து வைத்தியம் பாக்கணும்ல? நம்ம நாட்டுல டாக்டர் படிப்புக்கு விதி போடற நேஷனல் மெடிக்கல் கமிஷன் 2021 நவம்பர் 18ல விதி போட்டுச்சே, வெளிநாட்டுல கோர்ஸ் மட்டும் குறைஞ்சது 54 மாசம், அதுக்கு மேல அதே காலேஜ்லயே 12 மாசம் இன்டர்ன்ஷிப், அப்புறம் இங்க வந்து பரீட்சை, மறுபடி 12 மாசம் இன்டர்ன்ஷிப், இதோட படிச்ச நாட்டுலயும் பிராக்டிஸ் பண்ண லைசென்ஸ் கிடைக்கணும்னு. நாலு வருஷம்னா 48 மாசம் சார், ஆறு மாசம் இடிக்குது. நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கிற அந்த "நாலே வருஷம்"தான் இங்க வந்தா காலை வாரி விடும். பிலிப்பைன்ஸ்ல முதல்ல பி.எஸ்.ங்கற டிகிரி படிச்சுட்டு, அப்புறம் நாலு வருஷம் எம்.டி. (அங்க டாக்டர் படிப்புக்கே அதுதான் பேரு) பண்ற பசங்க இதுல மாட்டுனது உங்களுக்குத் தெரியாததா, அங்க இருக்கிற தவாவ் ஊருக்கு ஃப்ளைட் ஏத்தி விட்டதே உங்கள மாதிரி ஆளுங்கதான. பி.எஸ். வருஷத்தையெல்லாம் எம்.பி.பி.எஸ். கணக்குல சேக்க முடியாதுன்னு மெடிக்கல் கமிஷன் சொல்லிருச்சு.

அங்கயே தங்கி அங்கயே வேலை பாக்கறவங்களுக்கு இந்த கோர்ஸெல்லாம் நல்ல கோர்ஸ், நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்க செமினாருக்கு வர்ற அப்பா அம்மா அதுக்கா வர்றாங்க? பாலக்கோடு மார்க்கெட்ல தக்காளி கிரேட் விலைய பாத்து பாத்து காசு சேத்தவங்க, காட்ட அடமானம் வெச்சாவது புள்ளைய டாக்டராக்கி அரூர்லயோ காவேரிப்பட்டணத்துலயோ ஒரு கிளினிக் போட்டுக் குடுக்கணும்னு வர்றாங்க.

இன்னொன்னு, வெளிநாடு போறதுக்கும் நீட் பாஸ் வேணும். அத எழுதித்தான் ஆகணும்னா இங்கயே முயற்சி பண்ணலாமே, ப்ளஸ் டூல பயாலஜி எடுத்தவங்களுக்கு 2022ல இருந்து வயசு வரம்பும் இல்ல. தர்மபுரி அரசு மெடிக்கல் காலேஜ் 2008ல இருந்து இருக்கு, கிருஷ்ணகிரியில 2022ல 150 சீட்டோட வந்துருச்சு. டிகிரி இருக்குன்னு இங்க ஒரு நாள் கூட குறைக்க மாட்டாங்க, இன்டர்ன்ஷிப்போட சேத்து முழுசா அஞ்சரை வருஷம்தான், ஆனா முடிச்சா டாக்டரா பதிவு பண்றதுல எந்த இழுபறியும் கிடையாது. இதுல உங்களுக்கு கமிஷன் இல்ல, அதான் சொல்ல மாட்டேங்கறீங்க.

அடுத்த செமினார்ல ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கோர்ஸ் எத்தனை மாசம், இன்டர்ன்ஷிப் அதே காலேஜ்லயா, அங்க நம்மாளுக்கு லைசென்ஸ் உண்டா, இந்த மூணுக்கும் ஒவ்வொரு காலேஜுக்கும் தமிழ்ல எழுதி, சீல் வெச்சு, கையெழுத்து போட்டு குடுங்க. அதுக்கப்புறம் அட்வான்ஸ் கேளுங்க.

இப்படிக்கு,
உங்க நோட்டீஸ பத்திரமா எடுத்து வெச்சிருக்கிற ஒரு அண்ணன், நல்லம்பள்ளி