வரைபடம் பார்த்தேன்

அன்புள்ள நண்பனுக்கு,

நீ அனுப்பிய வரைபடம் வந்து சேர்ந்தது. வந்ததிலிருந்து மேசை மேலேயே விரித்து வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற கையோடு வீடு கட்டக் கிளம்பிவிட்டாய். உட்காரச் சொன்ன வயதில் இப்படி ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள உன்னால்தான் முடியும். இங்கே எல்லோரும் நலம். எனக்கு மூட்டுவலி, அது ஒன்றுதான். பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள். என்ன பேசுகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன். இயற்கையோடு ஒத்துப்போகிற வீடு வேண்டும் என்று எழுதியிருந்தாய். கூடவே சோலார் பேனல், வெப்பம் தடுக்கும் கண்ணாடி, தானாக அணையும் விளக்கு என்று ஒரு பட்டியல். அதைக் கொஞ்ச நாள் ஓரமாக வை. என் கண்ணில் முதலில் பட்டது, நீங்கள் இரண்டு பேர் இருக்கப்போகிற வீட்டில் நான்கு படுக்கையறை. பிள்ளைகள் வருஷத்தில் எத்தனை நாள் வந்து தங்குவார்கள் என்பது உனக்கே தெரியும். கட்டாத அறைக்குச் சிமெண்ட் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பெருக்கித் துடைக்கவும் வேண்டாம்.

சிமெண்டை ஏன் சொல்கிறேன் என்றால், மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் அதன் உற்பத்தியிலிருந்தே வருகிறது. அதில் பாதிக்கு மேல் சூளையில் எரிக்கும் எரிபொருளால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதையும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கிளம்புகிறது. அதனால் நல்ல எரிபொருளுக்கு மாறினால் மட்டும் கணக்குத் தீராது. இரண்டு அறையைக் குறைத்தால், மேலே பேனல் மாட்டும் முன்பே அவ்வளவு மிச்சம்.

அடுத்தது, வரைபடத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று யாரும் குறிக்கவே இல்லை! தெருவிலிருந்து பார்க்க அழகாக இருக்கட்டும் என்று முன்பக்கம் முழுக்கப் பெரிய ஜன்னல்கள். அது மேற்காக இருந்தால் மாலையில் முன்னறையில் உட்கார முடியாது. நடுப்பகல் வெயில் உயரத்திலிருந்து வருவதால் சன்ஷேடே தடுத்துவிடும். மாலை வெயில் சாய்ந்து வரும். சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் அதன் அடியில் புகுந்துவிடும். வெயில் காய்கிற ஊர் என்று நீயே எழுதியிருக்கிறாய். மேற்கில் குளியலறை, மாடிப்படி, சாமான் அறை இவற்றைத் தள்ளிவிடு. சுவரை ஒட்டி ஒரு கொடிப்பந்தல் போடலாம். அப்புறம் காற்று. உள்ளே வர ஒரு வழி, எதிர்ப்பக்கம் வெளியேற ஒரு வழி வேண்டும். ஒரே சுவரில் எத்தனை ஜன்னல் வைத்தாலும் காற்று ஓடாது. மாடிப்படிக்கு மேலே திறக்கிற ஜன்னல் ஒன்று இருந்தால், ஏறுகிற சூடான காற்று தானே போய்விடும்.

படிக்கிற காலத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரைப் பற்றி விடிய விடியப் பேசுவோமே, ஞாபகம் இருக்கிறதா? 1917இல் பர்மிங்காமில் பிறந்து, கேரளத்தில் வேர்விட்டு, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த மனிதர். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையை உன் வீட்டுச் சுவருக்கு யோசிக்கலாம். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சம், வெற்றிடம் இருப்பதால் சூடும் மெதுவாகத்தான் உள்ளே வரும். ஆனால் பழகிய கொத்தனார் வேண்டும். பழகாதவர் கலவையை அந்த இடைவெளியிலேயே கொட்டி நிரப்பிவிடுவார், கட்டியதன் பலனே போய்விடும். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் வழக்கமான கட்டே போதும், பிடிவாதம் பிடிக்காதே.

பொருளும் முறையும் சரியாக இருந்தும் சறுக்கிய கதை ஒன்று உண்டு. எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் 1940களில் லக்சருக்கு அருகே புதிய குர்னா என்ற கிராமத்தைக் கட்டினார். சுடாத மண்கல், மரச்சாரம் இல்லாமலே எழுப்பிய வளைவுக் கூரைகள், உள்முற்றங்கள் என்று இன்றைக்கும் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிற வேலை. பழைய கல்லறைகளுக்கு நடுவே வாழ்ந்துவந்த குர்னா மக்களை அரசு அங்கே மாற்ற நினைத்தது. அவர்கள் மறுத்தார்கள். திட்டம் பாதியில் நின்றது.

கூட இருக்கப்போகிறவர்களைப் பொறுத்தவரை உன் நிலைமை அதைவிட நல்லது. பக்கத்து இரண்டு மனைகளை வாங்கியிருப்பவர்கள் உன் கூட வேலை பார்த்தவர்கள்தானே? டென்மார்க்கில் 1972இல் சேட்டெடாமென் என்ற இடத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு குடியிருப்பு அமைத்தன. ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிச் சமையலறை. அதோடு எல்லோருக்கும் பொதுவாக ஒரு வீடு. இந்த மாதிரிக் குடியிருப்புகள் பலவற்றில் விருந்தினர் அறையும் பொதுதான். உன் நான்கு படுக்கையறைக்கு அங்கேதான் பதில் இருக்கிறது! மூன்று வீட்டுக்குமாக இரண்டு விருந்தினர் அறை கட்டுங்கள். துணி துவைக்கும் இயந்திரம், ஏணி, துளை போடும் மெஷின் எல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் தூங்க வேண்டியதில்லை. காம்பவுண்டு சுவரை உங்களுக்குள் எழுப்பாமல் விட்டால் மரத்துக்கும் காற்றுக்கும் இடம் கிடைக்கும். மழைநீரும் அப்படித்தான்: 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். மூன்று கூரைத் தண்ணீரையும் ஒரே பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகலாம்.

சண்டை வரும், வராமல் இருக்காது. பொது அறையை யார் சுத்தம் செய்வது, மோட்டார் பழுதானால் யார் பணம் தருவது, ஒருவர் வீட்டை விற்றால் என்ன ஆவது, இவற்றையெல்லாம் உறவு நன்றாக இருக்கும்போதே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. நண்பர்கள்தானே என்று விட்டுவிடாதே.

அஸ்திவாரம் தோண்டும் முன்பு அவர்களிடம் பேசிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது. வடக்கைக் குறித்து இன்னொரு வரைபடமும் அனுப்பு. மேற்குச் சுவர் எது என்று தெரிந்தால் ஜன்னல்களை நானே மாற்றி வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்