'லூட்' யார் வீட்டுச் சொல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளைக்காரன் விட்டுப்போன 'லூட்' (கொள்ளை) என்ற இங்கிலீஷ் சொல்லை வடக்கே இன்னும் இந்தி மாதிரியே பேசுகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி. படித்ததில் காபி ஆறிப்போனது. களவு போன சொத்துக்குத் திருடன் பேரிலேயே பட்டா எழுதிக் கொடுத்துவிட்டீர்களே!

கான்பூரில் 19 வருஷம் குப்பை கொட்டியவன் நான். சாயங்காலம் மொட்டை மாடியிலிருந்து விட்ட பட்டம் அறுந்தால் போதும். தெருப் பையன்கள் மூங்கில் கழி நுனியில் முள்கொத்தைக் கட்டிக்கொண்டு, 'லூட்டோ லூட்டோ' என்று சந்துக்குச் சந்து ஓடுவார்கள். அறுந்த பட்டத்தைப் பிடிப்பதற்கே அங்கே 'பதங் லூட்னா' என்றுதான் பேர். ஏ, பி, சி, டி தெரியாத பிள்ளைகள். கம்பெனி துரைமார்தான் வந்து சொல்லிக்கொடுத்தார்களோ?

இங்கிலீஷில் கலந்த நம் நாட்டுச் சொற்களுக்கென்றே 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி தங்கள் அலுவலகத்தில் இல்லாமலா இருக்கும்? தொகுத்த இருவரில் பர்னல், எங்கள் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். சொல் இந்தி, வேர் சமஸ்கிருதம் என்று அதிலேயே இருக்கிறது. சீன யுத்தம், கிரிமியா, 1857 கலகம் என்று பட்டாளம் போன வழியில்தான் அது இங்கிலாந்துக்குக் குடிபோனதாம். 1860இல் பீகிங் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது அகப்பட்ட சின்ன நாய் ஒன்றை விக்டோரியா மகாராணிக்குக் கொடுத்தார்கள். அதற்கு வைத்த பேரே 'லூட்டி'! அவர்களே ஒளிக்காததைத் தாங்கள் ஏன் ஐயா மூடி மறைக்க வேண்டும்?

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். போன வருஷம் நம் கட்டுமரத்தைப் போர்ச்சுக்கீசியனுக்குத் தாரை வார்த்தீர்கள். கார்டு போட்டேன், பதில் இல்லை. அதற்கு முன்னால், நான் அனுப்பிய மாமியார் துணுக்கு வேறொரு வாசகர் பேரில் வந்தது. (அதற்கும் இந்தியில் ஒரு சொல் உண்டு, மேலே எழுதியிருக்கிறேன்.) குறுக்கெழுத்துக் கட்டத்தில் எண்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. அட்டையில் விலை மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

பெரியவர்கள் நடத்தும் பத்திரிகை, நான் என்ன சொல்வது. அடுத்த இதழில் ஒரே ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். இந்தக் கடிதத்தையே போடுவதானால், தயவுசெய்து என் பேரில் போடவும்.

37 வருஷ வாசகன்,
கும்பகோணம்.