ஃபிராக்டல் படத்தின் கீழே பெயரையும் இடத்தையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கணினி ஓவியங்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் மூன்று ஃபிராக்டல் படங்களையும், அதாவது ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு அதன் விடைகளிலிருந்து உருவாக்கும் படங்களையும், பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் மூன்றுக்கும் கீழே "செயற்கை நுண்ணறிவு வரைந்தவை" என்று போட்டிருந்தீர்கள், செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. எட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

செயற்கை நுண்ணறிவுக்கும் இந்தப் படங்களுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த மென்பொருள்கள் மற்றவர்கள் உருவாக்கிய கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. ஃபிராக்டல் மென்பொருள் யாருடைய படத்தையும் பார்த்ததில்லை. அதற்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான், அதுவும் மிகச் சின்னக் கணக்கு. பூஜ்யத்தில் தொடங்குங்கள். கையில் இருக்கும் எண்ணை அதாலேயே பெருக்கி, நீங்கள் தேர்ந்தெடுத்த ஓர் எண்ணைக் கூட்டுங்கள், வந்த விடையை வைத்துத் திரும்பவும் அதையே செய்யுங்கள். தேர்ந்தெடுத்தது 1 என்றால் 0, 1, 2, 5, 26, 677 என்று எகிறிக்கொண்டே போகும், -1 என்றால் 0, -1, 0, -1 என்று அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். சாதாரண எண்ணுக்குப் பதில், மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று இரண்டு பகுதிகள் உள்ள கலப்பெண்ணை எடுத்துக்கொண்டால் திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண் ஆகிவிடுகிறது. எகிறாமல் அடங்கி நிற்கும் புள்ளிக்குக் கறுப்பு, எகிறிப்போகும் புள்ளிக்கு அதன் விடை எத்தனையாவது சுற்றில் பூஜ்யத்திலிருந்து 2 என்ற தூரத்தைத் தாண்டியதோ அதற்கேற்ற நிறம். மாண்டல்பிராட் கணம் (அடங்கி நிற்கும் புள்ளிகளின் தொகுப்பு) என்பது இவ்வளவுதான். 1978இல் புரூக்ஸ், மட்டெல்ஸ்கி என்ற இருவர் வெறும் நட்சத்திரக் குறிகளை வைத்து இதன் உருவத்தைக் கரடுமுரடாக எடுத்தார்கள். 1980இல் ஐபிஎம் ஆய்வகத்தில் பெனுவா மாண்டல்பிராட் இன்னும் தெளிவாக எடுத்துப் பார்த்தார். ஃபிராக்டல் என்ற சொல்லையே 1975இல் உருவாக்கியவர் அவர்தான்.

சரி, கணக்கைக் கணினிதானே போடுகிறது, மனுஷனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என்னிடம் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கறுப்பு உருவத்தின் ஓரத்துக்கு முடிவே கிடையாது. எந்த இடத்தை ஜூம் செய்தாலும் உள்ளே புதிதாகச் சுருள்கள், கிளைகள், நடுநடுவே முழு உருவத்தின் குட்டிப் பிரதிகள் என்று வந்துகொண்டே இருக்கும். அவ்வளவையும் யாரும் பார்த்து முடிக்க முடியாது என்பதால், எங்கே நிற்பது என்று முடிவு செய்வதே முதல் வேலை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து, ஒரு சுருளின் நுனியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக உள்ளே போய், ஒன்றும் தேறாமல் மூடிவைத்த ராத்திரிகள் எனக்கு எத்தனையோ. இன்னும் ஆழமாகப் போனால் வேறொரு தொல்லை. கணினி வழக்கமாகப் பயன்படுத்தும் எண்ணில் 15, 16 இலக்கம்தான் நிற்கும், அதைத் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். கூடுதல் இலக்கங்களைக் கொடுத்தால் ஒரே படத்துக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். 2013இல் கே. ஐ. மார்ட்டின் ஒரு வழி காட்டினார், ஒரு புள்ளியை மட்டும் முழு இலக்கங்களோடு கணக்கிட்டுவிட்டு மற்றப் புள்ளிகளை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று மட்டும் பார்ப்பது. அதற்கப்புறம்தான் என்னைப் போன்றவர்களின் சாதாரணக் கணினியிலும் அந்த ஆழம் சாத்தியமானது.

இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலைகூட முடிந்திருக்காது. நிறம்தான் பெரிய வேலை. ஓரத்தை நெருங்க நெருங்கச் சுற்றுகளின் எண்ணிக்கை சட்சட்டென்று மாறுவதால், கிரேடியன்ட்டை (ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் நிற வரிசையை) அப்படியே விட்டால் படம் முழுக்க மணலை வாரி இறைத்த மாதிரி பொரிபொரியாக இருக்கும். அதை இழுத்து நீட்ட வேண்டும், எங்கே இருட்டு வேண்டும், பார்க்கிறவர் கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்று யோசிக்க வேண்டும். அல்ட்ரா ஃபிராக்டல் என்ற மென்பொருளில் ஒரே இடத்தை வேறு வேறு நிறக்கணக்கோடு லேயர் லேயராக அடுக்கலாம், நான் பத்துப் பன்னிரண்டு லேயர் வரை போவதுண்டு. ஸ்காட் டிரேவ்ஸ் 1992இல் உருவாக்கிய ஃபிளேம் என்ற ஃபிராக்டல் வகையில் வேலையே வேறு, அங்கே அபோபிசிஸ் மென்பொருளில் முக்கோணங்களை மவுஸால் நகர்த்தி, திருப்பி, புகை மாதிரியான வடிவங்களைக் கொண்டுவர வேண்டும். 2009இல் டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் கண்டுபிடித்த மாண்டல்பல்ப் முப்பரிமாண ஃபிராக்டல், அதில் வெளிச்சம் எந்தப் பக்கம், மூடுபனி எவ்வளவு என்பது வரைக்கும் நாம்தான் வைக்க வேண்டும்.

நான்கு வருடம் முன்பு ஒரு படம் செய்தேன். கருநீலத்தில் செம்பு நிறச் சுருள்கள், இன்றைக்கும் என் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். படத்தை மட்டும் சேமித்தேன், இடம், நிறம் எல்லாவற்றின் எண்களும் இருக்கும் அளவுருக் கோப்பைச் சேமிக்கவில்லை. பிறகு ஒருவர் சுவரில் மாட்டப் பெரிய அளவில் கேட்டபோது அதே இடத்தைத் தேடித்தேடி இரண்டு வாரம் அலைந்தேன், கிடைக்கவேயில்லை. மென்பொருள் அதேதான், சூத்திரமும் அதேதான், கணினிகூட மாறவில்லை. தானாக வரைவதாக இருந்தால் அது திரும்ப வந்திருக்க வேண்டுமே!

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை ஃபிராக்டல் படம் போடும்போது செய்தவர் பெயரைப் போடுங்கள். கூடவே மென்பொருளின் பெயரும், மாண்டல்பிராட் படமென்றால் மையப்புள்ளியின் எண்களும் ஒரு வரியில் இருக்கட்டும், பெரும்பாலானவர்கள் கேட்டால் தயங்காமல் தருவார்கள். அந்த எண்கள் இருந்தால் வாசகர் தன் கணினியிலேயே அங்கே போய்ப் பார்க்கலாம். அதே இடத்தில் அவர் வேறு நிறம் வைப்பார், அது வேறு படமாக இருக்கும். இணைப்பு அச்சுக்குப் போவதற்குள் இதெல்லாம் முடியாதென்றால் பெயராவது கட்டாயம் வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால், முயன்று பார்க்க நினைக்கும் வாசகர்களுக்காக ஓர் இடம்: மெய்ப்பகுதி -0.7436, கற்பனைப்பகுதி 0.1318. கடல்குதிரைப் பள்ளத்தாக்கு என்று சொல்வார்கள். சில நூறு மடங்கு ஜூம் செய்த பிறகு வலது பக்கம், இடது பக்கம் என்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், சுற்றுகளின் உச்ச எண்ணிக்கையை மட்டும் 1000க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஃபிராக்டல் ஓவிய வாசகர்